மார்க் இல்லாதவன் எங்கே போகிறான்?

எஸ்லிங்கன், ஜெர்மனி
19 அக்டோபர் 2025

அன்புள்ள தம்பி சண்முகத்துக்கு,

நாளைக்குத் தீபாவளி. மகள் அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருக்கிறாள். பதம் தப்பிவிடும் என்று உன் மதினி அடுப்பை விட்டு நகரவில்லை. ஜன்னலுக்கு வெளியே சரிவு முழுக்கத் திராட்சைத் தோட்டம், இலையெல்லாம் மஞ்சள். கீழே நெக்கர் ஆறு. தாமிரபரணி அளவு அகலம் இராது, ஆனால் சரக்குப் படகு போகிறது.

சிங்கப்பூரில் பத்து நாள், பிறகு இங்கே, நடுவில் ஒரு வாரம் பின்லாந்து. இத்தனை நாளும் உனக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியதோடு சரி. நேற்று ஒரு காட்சி பார்த்தேன். பார்த்த பிறகு உனக்கு எழுதாமல் தூக்கம் வரவில்லை.

கீழ்வீட்டில் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் குடியிருக்கிறார். அவருடைய பேத்திக்குப் பதினேழு வயது. இயந்திரம் செய்கிற ஒரு கம்பெனியில் போன மாதம் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறாள். நம் கணக்கில் ஃபிட்டர். இங்கே அதற்கு மூன்றரை வருஷம். சேர்ந்த பிள்ளைகளின் குடும்பத்தார் வந்து பார்க்கட்டும் என்று நேற்று சனிக்கிழமை பட்டறையைத் திறந்துவிட்டிருந்தார்கள். பெரியவர் என்னையும் கூட்டிப்போனார்.

உள்ளே நுழைந்ததும் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. கட்டிங் ஆயிலும் இரும்புத்தூளும் கலந்த அதே வாசனை. ஒரு பக்கம் சி.என்.சி. இயந்திரங்கள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் புதிதாகச் சேர்ந்தவர்கள் அத்தனை பேரும் வைஸ் முன்னால் நின்று அரம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளையிடம் ஒரு இரும்புக் கட்டி. இடது காலை முன்வைத்து, அரத்தைத் தோளிலிருந்து தள்ளி, திரும்ப இழுக்கும்போது அழுத்தாமல்... நம் ஐ.டி.ஐ.யில் முதல் வாரம் தொண்டை வற்ற நாம் கத்துவோமே, அதே நிலை. கொஞ்ச நேரம் போட்டுவிட்டு மூலைமட்டம் பார்க்கிற ட்ரை ஸ்கொயரை எடுத்து விளிம்பில் வைத்தாள். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். நானும் குனிந்து பார்த்தேன். வலது மூலையில் மயிரிழை அளவு வெளிச்சம், அதாவது அங்கே இன்னும் மட்டம் வரவில்லை. அவளும் கவனித்துவிட்டாள். ஒன்றும் பேசாமல் சாக்கட்டியை எடுத்து அரத்தில் தேய்த்துக்கொண்டு மறுபடி தொடங்கினாள்.

முப்பத்திரண்டு வருஷம் நான் பையன்களோடு சேர்ந்து பார்த்த வெளிச்சம் அது. கண் கலங்கிவிட்டது, தம்பி.

பிறகு அவள் ஒரு நோட்டைக் காட்டினாள். வாரம் வாரம் என்ன செய்தாள், எந்தக் கருவியால் செய்தாள், எங்கே தப்பானது, பள்ளியில் என்ன படித்தாள் என்று அவளே எழுத வேண்டும். பயிற்றுநர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்துகள் இல்லாவிட்டால் கடைசித் தேர்வுக்கு உட்கார விடமாட்டார்கள். மூன்றாம் வாரத்துப் பக்கத்தில் ஒரு படம் வரைந்து, அளவு குறித்து, பக்கத்தில் சிவப்பு மையில் பயிற்றுநர் ஏதோ எழுதியிருந்தார். என்ன என்று கேட்டேன். "அளவு சரி, ஆனால் ஏன் இந்த அரத்தைத் தேர்ந்தெடுத்தாய் என்று எழுதவில்லை" என்று பெரியவர் மொழிபெயர்த்தார்.

ஏன் இந்த அரம்? நம் பையனிடம் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறோமா? பயிற்சி முடித்து கம்பெனிக்குப் போனவனிடம் யாராவது கேட்டார்களா?

உனக்கு நினைவிருக்கும். ஒரு வருஷம் நம் பேட்ச்சில் பதினோரு பேரை ஒரே இடத்துக்கு அப்ரண்டீஸாக அனுப்பினோம். இடத்தின் பெயர் வேண்டாம். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் நான்கு பேர் கூட்டிப் பெருக்குகிறார்கள், மூன்று பேர் லோடு ஏற்றுகிறார்கள். வருஷம் முடிந்ததும் பதினோரு பேருக்கும் சான்றிதழ் வந்தது. நம் நாட்டிலும் 1961-லேயே அப்ரண்டீஸ் சட்டம் போட்டாயிற்று. ஆனால் அந்தப் பையன்கள் சார்பில் பேச, நீயும் நானும் தவிர யாருமில்லை.

இங்கே அப்படி நடக்க விடாமல் கட்டிப்போட்டிருக்கிறார்கள். பயிற்சிக்கு வருகிறவர் கம்பெனியோடு எழுத்தில் ஒப்பந்தம் போடுகிறார். வாரத்தில் மூன்று நான்கு நாள் கம்பெனியில், ஒன்றிரண்டு நாள் அரசின் தொழிற்பள்ளியில். என்னென்ன கற்றுத்தர வேண்டும் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் நாடு முழுவதற்கும் ஒரே பாடத்திட்டம். ரொட்டி சுடுவது, கண்ணாடி அறுப்பது, வங்கி வேலை, பல் மருத்துவருக்கு உதவி என்று 320-க்கு மேற்பட்ட தொழில்கள். தேர்வைக் கம்பெனி நடத்த முடியாது. தொழில் வர்த்தகச் சபை அமைக்கிற குழுதான் நடத்துகிறது. அந்தக் குழுவில் முதலாளிகள் தரப்பிலும் தொழிலாளர் தரப்பிலும் சம எண்ணிக்கையில் ஆட்கள், கூடவே தொழிற்பள்ளி ஆசிரியர். இதையெல்லாம் ஒழுங்குபடுத்திய சட்டம் 1969-ல் வந்தது. பயிற்சிக் காலத்துச் சம்பளத்துக்கும் 2020 முதல் அடிமட்ட வரம்பு உண்டு. முதலாம் ஆண்டுக்கு அப்போது மாதம் 515 யூரோ, 2025-ல் 682. இந்த ஊர் இயந்திரத் தொழிலில் அதைவிட நன்றாகவே கூடுதல். அந்தப் பிள்ளையின் முதல் மாதச் சம்பளத்திலேயே மருத்துவக் காப்பீட்டுக்கும் ஓய்வூதியத்துக்கும் பிடித்தம் தொடங்கிவிட்டது. மருத்துவக் காப்பீடு பிஸ்மார்க் 1883-ல் கொண்டுவந்தது, முதியோர் ஓய்வூதியம் 1889-ல். சோஷலிஸ்டுகள் பக்கம் தொழிலாளி சாய்ந்துவிடக் கூடாது என்ற பயத்தில் கொண்டுவந்தார் என்பார்கள். காரணம் எதுவோ, பதினேழு வயதுப் பிள்ளையின் முதுமைக்கு இன்றைக்கே ஒரு கணக்கு திறந்திருக்கிறது.

நம்மிடம் சேர்ந்த பையன்களைப் பற்றி ஊரில் என்ன சொல்வார்கள்? "மார்க் இல்லை, ஐ.டி.ஐ.யில் தள்ளிவிட்டோம்." தள்ளிவிட்டோம் என்கிற அந்தச் சொல் எனக்குச் சாகிற வரை ஆறாது. இங்கே மைஸ்டர் (தொழில் ஆசான்) பட்டம் வாங்கின தொழிலாளியை நாட்டின் தகுதி வரிசையில் இளநிலைப் பட்டதாரிக்குச் சமமான படியில் வைத்திருக்கிறார்கள். அந்த மைஸ்டர் தன் பெயரில் பட்டறை வைக்கலாம், ஆளைச் சேர்த்துக் கற்றுக்கொடுக்கலாம், பல்கலைக்கழகத்துக்கும் போகலாம்.

ஆனால் இங்கே எல்லாம் சரி என்று எழுதினால் நான் பொய்யன். ஜெர்மனியில் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்போடு பிள்ளைகளைப் பிரித்துவிடுகிறார்கள். பத்து வயது! பல்கலைக்கழகம் போகிறவர்களுக்கு கிம்னாசியம், மற்றவர்களுக்கு வேறு பள்ளிகள். பெர்லினிலும் பிராண்டன்பர்கிலும் மட்டும் ஆறாம் வகுப்பு வரை பொறுக்கிறார்கள். பத்து வயதில் நான் எப்படி இருந்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். மாடு மேய்க்கப் போகிறேன் என்று பள்ளிக்கூடத்தை விட்டு ஓடின வருஷம் அது. அன்றைக்கு ஒருவர் என் தலையில் முத்திரை குத்தியிருந்தால்? 2001 டிசம்பரில் பீசா என்கிற சர்வதேசத் தேர்வின் முடிவு முதல்முறை வெளிவந்தபோது இந்த நாடே அதிர்ந்துபோனது. மதிப்பெண் குறைந்ததைவிடப் பெரிய அடி, அப்பா அம்மா யார் என்பதே பிள்ளையின் படிப்பைத் தீர்மானிக்கிறது என்று தெரிந்தது. பெரியவரின் மகன் பத்து வயதில் ஜெர்மன் சரியாகப் பேச வராததால் கடைநிலைப் பள்ளிக்கு அனுப்பப்பட்டவர். மூளையில் குறை என்று யாரும் சொல்லவில்லை, மொழி வரவில்லை, அவ்வளவுதான். பிறகு வெந்நீர்க்குழாய், ஹீட்டர் வேலையில் பயிற்சி எடுத்து, இன்று மைஸ்டராகி நான்கு பேருக்கு வேலை கொடுக்கிறார். ஒரு கதவைச் சாத்தின நாடே இன்னொன்றைத் திறந்துவைத்திருந்தது. ஆனால் சாத்தினது சாத்தினதுதான். அவருக்குக் கணக்குப் படிக்க ஆசை இருந்ததாம்.

சிங்கப்பூர் கதை வேறு. மைத்துனர் மகன் வீட்டில் தங்கினோம். வீட்டு வசதி வாரியத்து அடுக்குமாடி, பன்னிரண்டாம் தளம். 1960-ல் அந்த வாரியம் தொடங்கியபோது குடிசைகளில் நெருக்கியடித்து வாழ்ந்த சனம், இன்று பத்தில் எட்டுப் பேர் அந்த வீடுகளில்தான் இருக்கிறார்கள். சும்மா கொடுக்கவில்லை. சம்பளத்தில் தொழிலாளி 20 சதவீதம், முதலாளி 17 சதவீதம் மத்திய சேமநிதியில் போட வேண்டும் (55 வயது வரை இந்த விகிதம்), அந்தச் சேமிப்பிலிருந்து வீட்டுத் தவணை. கொடுப்பதைவிடச் சேமிக்கவைப்பதே அவர்கள் வழி. மைத்துனர் மகனுக்கு நாற்பத்திரண்டு வயது. 40 வயதை எட்டிய குடிமக்கள் புதிதாக ஏதாவது கற்றுக்கொள்ளட்டும் என்று 2024-ல் அரசு ஒவ்வொருவர் கணக்கிலும் 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வைத்திருக்கிறது. அவன் அதைக்கொண்டு மாலை வகுப்பில் சேர்ந்திருக்கிறான். அவன் மகன் ஆறாம் வகுப்பு, பன்னிரண்டு வயதில் எழுதுகிற அந்தப் பெரிய தேர்வு நெருங்கியதால் வீட்டில் தொலைக்காட்சி கிடையாது, சத்தமாகப் பேச்சு கிடையாது. முன்னே அந்தத் தேர்வின் மதிப்பெண்ணை வைத்து எக்ஸ்பிரஸ், நார்மல் என்று பிரிப்பார்கள். 2024 முதல் அந்தப் பெயர்களை எடுத்துவிட்டார்கள். இப்போது ஒவ்வொரு பாடத்திலும் பிள்ளை எந்த நிலைக்குத் தயாரோ அந்த நிலையில் படிக்கலாம். கணக்கில் தேர்ந்தவன் ஆங்கிலத்தில் பிந்தினால் முழுதாகக் கீழே போக வேண்டியதில்லை. 2022 பீசா தேர்வில் உலகத்திலேயே முதலிடத்தில் இருந்த நாடு, அந்தப் பிரிப்பு பிள்ளை மனசைக் கெடுக்கிறது என்று ஒப்புக்கொண்டு மாற்றியிருக்கிறது. அது சாதாரணமில்லை.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். சிராங்கூன் சாலையில் கடைக்குக் கடை நம் பையன்கள் கூட்டம். "சார்!" என்று ஒரு குரல். திரும்பினால் நம் 2009 பேட்ச், வைஸில் விரலை நசுக்கிக்கொண்டு அழாமல் நின்றானே, ஒல்லியாக, அவன். ஏஜென்டுக்குப் பணம் கட்டி, டெஸ்ட் அடித்து வந்தவன். கப்பல் தளத்தில் பைப் ஃபிட்டர். பதினோரு வருஷமாகிறது. வாழையிலைக் கடையில் எனக்குச் சாப்பாடு வாங்கிக்கொடுத்தான். பணம் கொடுக்க விடவில்லை.

அவன் கையைப் பார்த்தேன், சண்முகம். அந்தக் கைக்குத் தெரியாத வேலை இல்லை. தேர்வுமேல் தேர்வு எழுதி மேல்நிலைத் திறனாளி என்று சான்று வாங்கியிருக்கிறான். அதனால் அவனுக்காகக் கம்பெனி அரசுக்குக் கட்டும் லெவி குறைகிறது. ஆனால் அவன் வந்தது வொர்க் பெர்மிட்டில். குடும்பத்தை அழைத்துவர முடியாது. மேல்நிலை அனுமதியில் வருகிறவர்கள்கூட மாதம் 6,000 வெள்ளி சம்பளம் வாங்கினால்தான் மனைவி மக்களை வரவழைக்கலாம். அவனுக்குச் சேமநிதி கிடையாது. அந்த நாட்டுப் பெண்ணைக் கட்டிக்கொள்வதானால்கூட அரசின் அனுமதி வேண்டும். 2025 ஜூலையிலிருந்து விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள்: இத்தனை வருஷம்தான் வேலை பார்க்கலாம் என்ற வரம்பு போய்விட்டது, 63 வயது வரை உழைக்கலாம். "நல்லதுதானே சார்" என்றான். அவன் மகளுக்கு ஒன்பது வயது. பிறந்ததிலிருந்து மொத்தம் ஏழு மாதம் அவளோடு இருந்திருக்கிறான். விரல் விட்டு எண்ணிச் சொன்னான்.

வாரியத்து வீடும் பள்ளியில் தமிழ்ப் பாடமும் நாற்பது வயதில் திரும்பப் படிக்கக் காசும் கொடுக்கிற அதே அரசு, அந்த வீடுகளைக் கட்டவும் கப்பலைச் செப்பனிடவும் வருகிறவன் கையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அவன் தகப்பன் என்பதை எடுத்துக்கொள்ளவில்லை. தன் குடிமக்களை அப்படிப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு இவனையும் பார்த்துக்கொள்ளத் தெரியும். செய்ய வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம்.

பின்லாந்துக்குப் போனது மகளின் கல்லூரித் தோழி அழைத்ததால். ஹெல்சின்கியை ஒட்டிய எஸ்போ நகரில் மென்பொருள் வேலை. இரண்டாவது குழந்தை பிறந்து இரண்டு மாதம். போன அன்றே உன் மதினி தொட்டிலைத் தேடினாள். தொட்டிலைக் காணோம். ஒரு அட்டைப் பெட்டிக்குள் மெத்தை விரித்து, அதில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பெட்டியின் கதையைக் கேள். 1930-களில் பின்லாந்து ஏழை நாடு. பிறந்த ஆயிரம் குழந்தைகளில் அறுபத்தைந்துக்குக் கிட்டே முதல் பிறந்தநாளுக்கு முன்பே போய்விடும். 1937-ல் சட்டம் போட்டு, 1938 முதல் ஏழைத் தாய்மாருக்கு ஒரு பெட்டி கொடுத்தார்கள். துணி, போர்வை, குழந்தைக்குத் தேவையான சாமான்கள். பெட்டியே படுக்கை. 1949-ல் ஏழை பணக்காரர் வித்தியாசம் எடுத்துவிட்டு எல்லாத் தாய்க்கும் கொடுக்கத் தொடங்கினார்கள். ஒரு நிபந்தனை: கர்ப்பத்தின் நான்காம் மாதம் முடிவதற்குள் மருத்துவரிடமோ தாய்சேய் நல நிலையத்திலோ காட்டியிருக்க வேண்டும். பெட்டி வேண்டாம் என்றால் பணம் தருவார்கள், 170 யூரோ. முதல் குழந்தைக்குப் பெரும்பாலோர் பெட்டியைத்தான் கேட்கிறார்களாம்.

நம் ஊர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவியும் இந்தப் புத்திதான். பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் கொடுத்து, கர்ப்பத்தைப் பதிவுசெய்ய வைத்து, ஆஸ்பத்திரிக்கு வரவைக்கிறோம். வித்தியாசம் ஒன்று. நம்மிடம் ஏழை என்று நிரூபிக்க வேண்டும். அங்கே பூங்காவில் ஒரே வருஷம் பிறந்த பிள்ளைகள் ஒரே மாதிரிக் குளிருடுப்பில் தவழ்கின்றன. எது பெரிய அதிகாரி வீட்டுப் பிள்ளை, எது பஸ் ஓட்டுநர் வீட்டுப் பிள்ளை என்று துணியைப் பார்த்துச் சொல்ல முடியாது. உன் மதினி முயன்று பார்த்துத் தோற்றாள்.

மூத்த பையன் இரண்டாம் வகுப்பு. அங்கே ஏழு வயதில்தான் ஒன்றாம் வகுப்பு. ஆசிரியையிடம் அனுமதி வாங்கி ஒரு நாள் பள்ளிக்குப் போனேன். மதியம் எல்லாப் பிள்ளைகளும் வரிசையில் நின்று தாமே பரிமாறிக்கொண்டார்கள். அன்றைக்குப் பட்டாணி சூப், கம்பு ரொட்டி மாதிரி மொறுமொறுவென்று ஒரு கறுப்பு ரொட்டி, பால். சாப்பிட்ட தட்டைப் பிள்ளையே கொண்டுபோய் வைக்கிறது. காசு கிடையாது, யாருக்கும் கிடையாது. போர் நடந்துகொண்டிருந்த 1943-ல் சட்டம் போட்டு, 1948-லிருந்து எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மதிய உணவு. காமராசர் 1956-ல் தொடங்கினதற்கும் இதற்கும் எட்டு வருஷம்தான் இடைவெளி. இரண்டு பேரும் ஏழையாக இருந்தபோதே தொடங்கினோம் என்பதை நினைத்து அந்தச் சாப்பாட்டுக்கூடத்தில் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சத்துணவு அமைப்பாளராக இருந்த உன் அம்மாவை நினைத்துக்கொண்டேன். முட்டை எண்ணிக்கை ஒன்று குறைந்தால் அன்றைக்கு ராத்திரி சாப்பிடமாட்டார்களே. நாம் தவறவிட்டது ஒன்றுதான்: வசதி உள்ளவன் தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அந்தப் பந்தியிலிருந்து எழுந்துபோய்விட்டான்.

சாப்பாடு முடிந்து என்னை ஒரு அறைக்குக் கூட்டிப்போனார்கள். மரவேலை மேசைகள், வைஸ், இழைப்புளி, சுவரில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவம் வரைந்த இடம். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் ஊசிநூலால் தலையணை உறை தைக்கிறான், பெண்பிள்ளை ஒருத்தி பலகையை அறுக்கிறாள். கைவேலை அங்கே கட்டாயப் பாடம், 1866-லிருந்து! உனோ சிக்னேயஸ் என்பவர் அந்த நாட்டுத் தொடக்கப் பள்ளிகளை உருவாக்கியபோதே கைவேலை இல்லாமல் கல்வி முழுமையில்லை என்று எழுதிவைத்துவிட்டார். டாக்டராகப் போகிறவனும் வக்கீலாகப் போகிறவளும் ஒருமுறையாவது அறுத்து, இழைத்து, அளவு தப்பி, மறுபடி செய்திருக்கிறார்கள். அப்படி வளர்ந்தவன் பிற்பாடு தச்சனைப் பார்த்து "தள்ளிவிட்டோம்" என்று சொல்லுவானா?

அங்கே ஒன்பதாம் வகுப்பு வரை, அதாவது பதினைந்து பதினாறு வயது வரை, யாரையும் பிரிப்பதில்லை. முன்னே அவர்களும் ஜெர்மனி போலப் பத்து பதினொரு வயதில் பிரித்தவர்கள்தான். 1972-ல் வடகோடி லாப்லாந்தில் தொடங்கி, ஐந்தாறு வருஷத்தில் தெற்கு வரை எல்லாரையும் ஒரே பள்ளியில் சேர்த்தார்கள். அதோடு நிற்காமல் ஒன்றாம் வகுப்பு ஆசிரியருக்கும் முதுகலைப் பட்டம் வேண்டும் என்றார்கள். பள்ளி ஆய்வாளர் என்ற பதவியை 1990-களின் தொடக்கத்தில் எடுத்தேவிட்டார்கள். ஒன்பது முடித்ததும் மேல்நிலைப் பள்ளி, தொழிற்பள்ளி என்று இரண்டு வழி. பாதிப் பேருக்குக் கிட்டே தொழிற்பள்ளிக்குப் போகிறார்கள், அங்கிருந்தும் உயர்கல்விக்குக் கதவு திறந்தே இருக்கிறது. 2001-ல் ஜெர்மனி அதிர்ந்ததே, அதே பீசா முடிவில் வாசிப்பில் முதலிடம் இந்தப் பின்லாந்து. இப்போது அந்த மதிப்பெண் இறங்கிக்கொண்டே வருகிறது. கைபேசி என்கிறார்கள், வாசிப்புக் குறைந்தது என்கிறார்கள், அந்த ஆசிரியை கவலையோடுதான் பேசினார். ஆனாலும் திரும்பப் பத்து வயதில் பிரிக்கலாமே என்று அவர் வாயிலிருந்து வரவில்லை.

பந்தியில் எல்லாரையும் உட்காரவைக்கிற நாடும் வாசலில் ஆளைப் பார்த்துத்தான் விடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்கு 2017 முதல் கட்டணம். 2025 ஜூனில் இன்னொரு சட்டம்: வேலைக்கென்று வந்த வெளிநாட்டவர் வேலையை இழந்தால் மூன்று மாதத்துக்குள் வேறு வேலை தேடியாக வேண்டும், நிபுணர்களுக்கு ஆறு மாதம். பெட்டிக்குள் தூங்குகிற குழந்தையைப் பார்த்துக்கொண்டே அந்தத் தோழி இதைச் சொன்னாள். அவள் கம்பெனியில் ஆள்குறைப்புப் பேச்சு ஓடுகிறது.

இனி நம் வீட்டுக் கதை. மகள் மதுரையில் ஆறு வருஷம் ஐ.சி.யூ.வில் வேலை பார்த்தவள். ஜெர்மன் பி-2 வரை படித்து, பரீட்சை எழுதி, இங்கே வந்தாள். ஜெர்மனிக்கு ஆள் வேண்டும், வயதானவர்கள் பெருகிவிட்டார்கள். 2020-ல் திறனாளர் குடியேற்றச் சட்டம், 2024-ல் வேலை தேடி வர வாய்ப்பு அட்டை, இந்தியர்களுக்கு வருஷத்துக்கு 20,000 என்றிருந்த திறனாளர் விசாவை 90,000 ஆக்குவதாக அறிவிப்பு. கூப்பிடுகிறார்கள், உண்மைதான். கூப்பிட்டபின் இவள் படிப்பை மணிக்கணக்காகப் பிரித்துத் தங்கள் படிப்போடு ஒப்பிட்டு, குறைகிற பகுதிக்குப் பயிற்சி எடு என்றார்கள். அதுவரை உதவியாளர் சம்பளம், உதவியாளர் வேலை. பதினான்கு மாதம்! இதயம் நின்றுபோனவரை எழுப்பின கை, பதினான்கு மாதம் ஒரு ஊசி போட அனுமதியில்லாமல் இருந்தது. ராத்திரி போனில் அழுவாளே, அது இதுக்குத்தான், அப்போது உனக்குச் சொல்லவில்லை. இப்போது அங்கீகாரம் வந்துவிட்டது. நோயாளியின் பாதுகாப்புக்கு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தாளைப் பதினான்கு மாதம் பார்ப்பதற்குப் பதில் கையை ஒரு வாரம் பார்த்திருக்கலாம். அந்தப் பட்டறையில் ஒரு பிள்ளையின் அரத்தை அவ்வளவு கூர்ந்து பார்க்கத் தெரிந்தவர்கள்தானே இவர்கள்!

இதைப் பெரியவரிடம் சொன்னேன். சிரித்தார். அவர் 1985-ல் வந்தவர். "நான் அங்க கணக்குப் படிப்பிச்சனான், மாஸ்டர். இஞ்ச வந்து கோப்பை கழுவினனான். அதுக்கும் கனகாலம் விடேல்லை" என்றார். புகலிடம் கேட்டு வந்தவர்கள் வேலை செய்யக் கூடாது என்று அப்போது வருஷக்கணக்கில் தடை. ஒதுக்கின மாவட்டத்தைத் தாண்டவும் அனுமதி வேண்டும். வெளிநாட்டுச் சான்றிதழை மதிப்பிட்டுப் பார்க்கிற சட்டம் 2012-ல்தான் வந்தது. அதற்குள் அவருக்கு வயதாகிவிட்டது. சான்றிதழ் இன்னும் பெட்டியில் இருக்கிறதாம். ஒரு கணக்கு ஆசிரியரைச் சமையலறையில் வைத்திருந்திருக்கிறார்கள்.

பேத்தியை டாக்டராக்க வேண்டும் என்று நினைத்தவர் அவர். அவள் பட்டறைக்குப் போகிறேன் என்றபோது ஒரு வாரம் பேசவில்லையாம். நேற்று அவள் ட்ரை ஸ்கொயரைத் தூக்கிப் பிடித்தபோது அவரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். "அந்த வலது மூலையில வெளிச்சம் தெரியுது, பிள்ளை" என்றார்.

சண்முகம், உனக்கு இன்னும் மூன்று வருஷம் சர்வீஸ் இருக்கிறது. நமக்கென்று சட்டம் மாறுகிற வரை காத்திருக்க வேண்டாம். நவம்பரில் நான் வந்துவிடுவேன். இந்த வருஷம் சேர்ந்த ஃபிட்டர் பையன்கள் இருபது பேர் என்று சொன்னாய். இருபது நோட்டு வாங்கிவை, கட்டம் போட்டது, படம் வரைய வசதியாக. காசை நான் வந்து தருகிறேன். வாரம் ஒரு பக்கம் அவனவன் எழுதட்டும். தமிழிலேயே எழுதட்டும், எழுத்துப்பிழையைப் பார்க்காதே. சனிக்கிழமை தோறும் நான் வந்து உட்கார்ந்து படிக்கிறேன். முதல் பக்கத்தில் எழுத வேண்டிய கேள்வியை மட்டும் இப்போதே சொல்லிவிடு: ஏன் இந்த அரம்?

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணாச்சி